ஒரு முழம் ஏறிய கார்

போன வாரம் தேனிச் சந்தையில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட ஜெயிக்கப் போகிற நேரம். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... வாராவாரம் பத்திரிகையில எழுதுறவுக நீங்கதானே? ஒரு சந்தேகம்."

திரும்பினேன். தேவாரத்துப் பக்கத்து இளம் மிராசுதார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார் சாவி. அந்தச் சாவியைச் சந்தை முழுக்கப் பார்க்கும்படி சுற்றிக்கொண்டிருந்தார். கார் புதுசு என்று வேறு சொல்ல வேண்டுமா?

"எக்ஸாஸ்ட் பைப்பைக் கழட்டிட்டுப் பெரிசா ஒண்ணு போட்டா வண்டிக்கு வேகம் கூடுமா? மதுரையில ஒருத்தன் கூடுங்கான். எங்க டிரைவர் கூடாதுங்கான்."

"இதை என்கிட்ட ஏன் தம்பி கேக்குறீக?"

"நீங்கதான் கம்பம் வேலுச்சாமி கார்ல கல்லு போடுறவுகளாமே!"

பார்த்தீர்களா? இத்தனை வருஷம் பேனா பிடித்து எழுதியாயிற்று. ஜில்லாவில் எனக்குக் கிடைத்திருக்கிற பட்டம் இதுதான் — கல்லு போடுறவர்!

வெங்காயக்காரர் இந்தச் சந்தடியில் பேரத்தை முறித்துக்கொண்டு விட்டார். அந்த எரிச்சலில் மிராசுதாருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலுச்சாமி கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். வண்டி அவருடையதே. பழைய அமெரிக்க டூரிங் கார்; துணிக் கூரை. எத்தனை துரைமார் கை மாறி அவரிடம் வந்ததோ, எனக்குத் தெரியாது. சமவெளியில் சமர்த்தாக ஓடும். அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி, குமுளிக்குப் போகிற மலைப்பாதையில் ஏறினால்தான் அதற்குத் தன் வயசு ஞாபகம் வரும்.

குமுளிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு 'இறங்கு வளைவு' என்று பெயர். அங்கே வந்ததும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் இறங்குவார்கள். ஆண்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள், பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பட்டு வேட்டியும் தள்ளும், நாலு முழமும் தள்ளும். பஸ்ஸிலும் இதே கதை. மாட்டு வண்டியிலும் இதே கதை — அந்த மேட்டில் மனுஷன் உட்கார்ந்தே வந்தால் மாடு திரும்பி முறைக்கும்.

எனக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். (சிரிக்க வேண்டாம்.) தள்ளினால் மூச்சு வாங்கும். அதனால் எனக்கு வேறு உத்தியோகம். வண்டி நாலடி ஏறி நின்றதும், பின்னால் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பது. வியாபார விஷயமாக அடிக்கடி குமுளி போகிறவன் என்பதால் இந்தப் பதவி எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

இந்த வழக்கத்தில் ஒரே ஒருத்தர் மட்டும் மாட்டிக்கொண்டு தவித்தார். வேலுச்சாமியின் மனைவி பேச்சியம்மா.

பேச்சியம்மாவுக்குச் சின்ன வயசில் ஒரு காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போயிற்று. கம்பு ஊன்றி நடப்பார். வீட்டுக்குள், தெருவில், கடைத்தெருவரைக்கும் — ஒரு குறையும் இல்லை. கறிக்கடைக்காரரே அவருக்குப் பயந்துதான் எடை போடுவார். ஆனால் மலை மேடு? அது முடியாது.

அவருக்கு ஒரே தங்கை, செல்லத்தாய். தாயில்லாப் பிள்ளையைத் தன் மடியில் போட்டு வளர்த்து, குமுளியில் டீக்கடை வைத்திருக்கிறவருக்குக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் போகும்போது இறங்கு வளைவில் எல்லோரும் இறங்கினார்கள். பேச்சியம்மா மட்டும் வண்டியில். தள்ளிக்கொண்டிருந்த ஒரு வாய்த்துடுக்கு சொன்னது: "மகாராணி உக்காந்து வாராக, நாமதான் மாடு!"

தமாஷாகத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் குமுளிக்குப் போகவே இல்லை.

"ஒருத்தி உக்காந்திருக்க, ஊரே தள்ளணுமா? நமக்கு வேணாம்ப்பா அந்தப் பவுசு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. தங்கைதான் கீழே வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

இப்போது செல்லத்தாய்க்கு ஆண் குழந்தை. முதல் சோறு ஊட்ட வேண்டிய பருவம் வந்துவிட்டது. குமுளியில் அதற்குச் 'சோறூண்' என்று மலையாளப் பெயர். மாமியார் வீட்டு வழக்கப்படி அவர்கள் வீட்டுச் சாமி முன்னால்தான் ஊட்ட வேண்டும். செல்லத்தாய் சொல்லிவிட்டாள்: "எங்க அக்கா கையாலதான் ஊட்டணும்."

அங்கேதான் சிக்கல். பேச்சியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் முணுமுணுத்திருக்கிறார். "புள்ளை இல்லாதவ கையாலயா முதல் சோறு?"

செல்லத்தாய் அக்கா வளர்த்த பெண் அல்லவா? விடுவாளா?

"என்னையப் புள்ளையா வளத்தவ எங்க அக்கா. அவ வந்து ஊட்டுற வரைக்கும் இவன் பால் குடிச்சுக்கிட்டே கெடக்கட்டும்!"

இந்தச் சேதி கீழே வந்தது. கறிக்கடைக்காரரை அதட்டுகிற பேச்சியம்மா அன்றைக்குக் கடைத்தெருப் பக்கமே போகவில்லையாம். போகாவிட்டால் தங்கை மாமியாரிடம் தோற்பாள். போனால் மறுபடியும் அந்த வளைவு. மறுபடியும் மகாராணி. மாமியார் வீட்டு வாசலில் போய், தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட மூட்டை மாதிரி இறங்க வேண்டும்.

இங்கேதான் எக்ஸாஸ்ட் பைப் கதைக்குள் வருகிறது.

வேலுச்சாமி ஒரு நாள் இறங்கு வளைவில் எங்களோடு நின்றுகொண்டிருந்தபோது, எஸ்டேட் துரை ஒருவரின் கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. போயிற்றா? பறந்தது! புலி உறுமுகிற மாதிரி சத்தம். பின்னால் தடியாக ஒரு பைப். நிற்கவில்லை, திணறவில்லை.

"பாத்தீகளாய்யா, அந்தப் பைப்ப?" என்றார் வேலுச்சாமி. "அதுலதான் சூட்சுமம் இருக்கு. நம்ம வண்டிக்கு மூச்சு விட வழியில்ல. வழி பண்ணிக் குடுத்தா ஏறிரும்."

துரை காரின் இன்ஜின் இவர் இன்ஜினைப்போல ரெண்டு மடங்கு என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். எங்கள் மலைப்பாதையில் வண்டியைக் காதால்தான் எடை போடுவோம். சத்தம் பெரிசாக வந்தால் ஜனங்கள் "இது நிக்காதுப்பா, ஏறு" என்பார்கள். சத்தம் சின்னதாக இருந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கத் தயாராவார்கள்.

வேலுச்சாமி பைப் தேடிப் போடிக்குப் போனார். பஜாரில் சாலமோன் என்று பழைய இரும்புக் கடைக்காரர். அவர் கடையில் எஸ்டேட் மெஷினிலிருந்து கழற்றிய அருமையான பைப் கிடந்தது. கையில் எடுத்துவிட்ட பிறகுதான் வேலுச்சாமிக்கு உறைத்தது — அன்றைக்குச் சனிக்கிழமை! சனிக்கிழமை இரும்பு வாங்கலாமா?

"எனக்கு அந்த சாங்கியமெல்லாம் கிடையாது. எடுத்துட்டுப் போப்பா" என்றார் சாலமோன்.

"எனக்கு இருக்குதேண்ணே. நாளைக்கு வாரேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் கோயிலுக்குப் போகணும். கடை தெறக்க மாட்டேன்."

இவருக்குச் சனி ஆகாது, அவருக்கு ஞாயிறு ஆகாது. பைப் திங்கட்கிழமைதான் கடையை விட்டுக் கிளம்பியது. இதற்கு நடுவில் வேலுச்சாமி சும்மா இருந்தாரா? நேரே குச்சனூர் போய் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டு, 'இரும்பைத் தொட்டுட்டேன், வாங்கல' என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தாராம். சாமியே அசந்திருக்கும்.

பைப்பை வளைத்து, கொல்லுப் பட்டறையில் காய்ச்சி, வண்டியோடு சேர்ப்பதற்குள் அவர் ரெண்டு கையும் பொத்துப் போயிற்று. வாழையிலையில் எண்ணெய் தடவிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினபோது கம்பத்தில் எங்கள் தெருவில் காக்கை ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர்வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் எழுதிக்கொண்டிருந்த மேஜையில் மைக்கூடு நடுங்கியது... கோபத்தோடு வெளியே வந்தேன்.

"எப்பிடிய்யா?" என்றார் வேலுச்சாமி, சிரித்துக்கொண்டு.

என்ன சொல்வது? பிரமாதமாக இருந்தது! நின்ற இடத்தில் நிற்கும்போதே நூறு மைல் வேகத்தில் போகிற மாதிரி இருந்தது.

ஆனால் மனுஷர் இதோடு திருப்திப்படவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். பேச்சியம்மாவை ஏற்றிக்கொண்டு போய் வழியில் நின்று அவமானப்படுத்தக்கூடாது. அவருக்குப் பதிலாக அதே எடைக்கு ஒரு நெல் மூட்டை.

எடை எப்படித் தெரியும்? பைப்பை வளைக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு நாள், வாசலில் வைத்துப் பேச்சியம்மாவை அப்படியே தூக்கிப் பார்த்தார். அப்புறம் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி பேச்சியம்மா.

"யாத்தே! தெருவே பாக்குது... எறக்கி விடுங்கன்னா! கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

"இரு புள்ள... மூட்டை கொஞ்சம் கம்மியா இருக்கு."

"நெல்ல அள்ளிப் போடுங்க, என்னையப் போட்டு எதுக்கு அலைக்கழிக்கிறீக?"

அவர் திட்டினார், தெரு சிரித்தது. இந்தச் சிரிப்பு அந்தப் பழைய சிரிப்பு இல்லை. அது அவருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன். கம்பால் அடிக்கிற மாதிரி ஓங்கினாரே தவிர அடிக்கவில்லை.

பைப் மாற்றுவதற்கு முன்பே வேலுச்சாமி ஒரு தடவை அந்த மூட்டையோடு ஏறிப் பார்த்து, வண்டி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் வளைவுச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். இப்போது பைப் மாற்றியபின் அதே மூட்டை, அதே பாதை. என்னை முன்கூட்டியே வளைவில் கல்லோடு இறக்கிவிட்டு, கீழே இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தார்.

அடேயப்பா, அந்தச் சத்தம்! வண்டி கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்பே மலை முழுக்க எதிரொலி. குரங்குகள் கூட்டமாக மரம் மாறின. சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி நிற்காமல் என்னைத் தாண்டி குமுளி போய், திருவிதாங்கூரையும் தாண்டிக் கடலில்தான் விழும் என்று நினைத்தேன்.

வளைவுக்கு வந்தது. உறுமியது. கோட்டைத் தொட்டது. தாண்டியது...

நின்றது.

கல்லை வைத்தேன். வேலுச்சாமி இறங்கி வந்து கோட்டிலிருந்து சக்கரம் வரை கையால் அளந்தார்.

"ஒரு முழம்" என்றார்.

"என்ன?"

"ஒரு முழம் கூடியிருக்குய்யா. அவ்வளவுதான்."

முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. குனிந்து பைப்பைப் பார்த்தார். அப்புறம் அவராகவே சொன்னார்: "பழைய பைப்புல அடைப்பு இருந்தா மாத்துனதும் ஏறியிருக்கும். அதுல அடைப்பே இல்லையேய்யா. நான் வண்டிக்கு வாயைப் பெரிசாக்கி வச்சிருக்கேன். வயிறு அதே வயிறுதான்."

இதற்கு மேல் ஒரு இன்ஜினீயர் என்ன சொல்லிவிடப் போகிறார்?

அப்படியே வழியில் வந்தவர்களைக் கூப்பிட்டுத் தள்ளி, குமுளி போனோம். செல்லத்தாய் குழந்தையோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தம் கேட்டுப் போட்ட டீ, மச்சான்... ஆறியே போச்சு. கேம்ப்புலருந்தே கேக்குது! வளைவுல நின்னு உறுமுனதுகூடக் கேட்டுச்சு."

அப்போது எங்களுக்கு அது பெரிசாகப் படவில்லை. ஆறின டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

இனிமேல்தான் வேலுச்சாமி எனக்குப் பெரிய மனுஷர் ஆனார். கம்பம் பஜாரில் அந்தச் சத்தத்துக்கு ஏகப்பட்ட மவுசு. "வேலுச்சாமி வண்டி இப்பப் பறக்குதாமே, இறங்கவே வேணாமாமே" என்று ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு ஏற்றியிருப்பார். இவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "வெறும் சத்தம்தாங்க. ஒரு முழம்தான் கூட ஏறுது. வளைவுல இறங்கணும்."

தன் கையைச் சுட்டுக்கொண்டு செய்த ஒன்றைப் பற்றி இப்படி உண்மை சொல்ல எத்தனை பேரால் முடியும்? நான் பார்த்த ஆபீசுகளில் பாதிப் பேர் சைலன்ஸரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறார்கள். சத்தத்தைக் கேட்டு நாமும் காரியம் நடக்கிறதென்று நம்பிக்கொண்டிருக்கிறோம். கோடு போட்டு முழம் அளந்தவர் யார்?

வீட்டிலும் அதையே சொன்னார். "ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்னு பேசுனேன் புள்ள... ஆகல. நிக்கும்."

பேச்சியம்மா அவர் கையைப் பார்த்தார். வாழையிலைக் கட்டைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை போவோம்" என்றார்.

"நிக்கும்ங்கேன்ல?"

"நிக்கிற வரைக்கும் நீங்க ஓட்டுங்க. மிச்சத்த நான் நடக்குறேன். எனக்காக ஒரு மனுசன் இரும்பத் தூக்கிட்டு அலைஞ்சிருக்காரு. நான் ஒரு மேடு நடக்க மாட்டேனா?"

வெள்ளிக்கிழமை. நான் வழக்கம்போல முன்கூட்டியே வளைவில், கல்லோடு. அன்றைக்கு அந்தக் கல் எனக்குக் கனத்தது. மலை உறும ஆரம்பித்தது. வண்டி வந்தது. பின்சீட்டில் பேச்சியம்மா, புதுச் சேலை, மடியில் கம்பு. கோட்டைத் தாண்டி... அதே ஒரு முழம். நின்றது.

பேச்சியம்மா இறங்கினார். வேலுச்சாமி ஓடி வந்து கை கொடுத்தார்.

"விடுங்க. நானே நடந்துக்கிர்றேன்."

நடந்தார். சரளைக்கல் பாதை. கம்பு வழுக்குகிறது. ஒரு எட்டு வைத்து நிற்கிறார், மறு எட்டு வைத்து நிற்கிறார். மேட்டில் கொஞ்ச தூரம் போவதற்குள் கம்பு சறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. சொல்ல என்ன வெட்கம்? வந்தது. இன்ஜின் மட்டும் நின்ற இடத்திலேயே ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஊரும் கூடியது!

"ஏக்கா!"

மேலே வளைவு திரும்புகிற இடத்தில் செல்லத்தாய். இடுப்பில் பிள்ளை. சத்தம் மேலே வராமல் வளைவிலேயே உறுமுவதைக் கேட்டதுமே கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், போதாததற்குச் சுங்கச்சாவடி மலையாளச் சேட்டன் ஒருவர்.

செல்லத்தாய் கிட்டே வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

"இவனத் தூக்கிட்டு வந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நீ வண்டியில ஏறி இவனப் புடி."

"நான் நடந்து வாரேன்டி..."

"நீ நடப்ப. இவன் நடப்பானா? இவனத்தான் நாங்க தள்ளிட்டுப் போகப்போறோம். மடியில வச்சுக்கிட ஒரு ஆளு வேணுமில்ல? ஏறுக்கா!"

பிள்ளையை அக்கா கையில் திணித்துவிட்டாள். கையில் பிள்ளை வந்த பிறகு பேச்சியம்மா என்ன செய்ய முடியும்? தங்கையை ஒரு பார்வை பார்த்தார்... 'நான் வளத்ததுதானே நீ' என்கிற பார்வை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"வா வா, ஒந்நிச்சு தள்ளாம்!" என்றார் சேட்டன், சேர்ந்து தள்ளுவோம் என்கிற அர்த்தத்தில்.

தள்ளினோம். அத்தனை பேரும் தள்ளினோம். அன்றைக்கு நானும் கல்லை எறிந்துவிட்டுத் தள்ளினேன். "மெதுவாய்யா, புள்ளை தூங்குது!" என்று பேச்சியம்மா உள்ளேயிருந்து அதட்டினார். அந்த இரைச்சலில் அந்தப் பயல் தூங்கினான்! டீக்கடை வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். தன் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, முன்னால் சத்தமும் பின்னால் சனமுமாக வந்து நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ... தானே வந்து கை கொடுத்து இறக்கினார்.

முதல் சோறு பேச்சியம்மா கையால்தான். பயல் முதல் உருண்டையைத் துப்பினான். ரெண்டாவதற்கு வாயைத் திறந்தான்.

வேலுச்சாமி இப்போது பழைய பைப்பையும் சேர்த்துப் பூட்டி, இந்தப் பைப்புக்கு ஒரு மூடி வைத்திருக்கிறார்; மூடினால் புகை பழைய வழியில் போகும். சமவெளியில் மூடிக்கொள்வார், மாடுகள் மிரளாது, என் மைக்கூடும் பிழைத்தது. பேச்சியம்மா ஏறியிருக்கிற நாளில் மட்டும் லோயர் கேம்ப் தாண்டியதும் திறந்துவிடுவார். மேலே டீ போட ஆரம்பித்துவிடுவார்கள். தள்ளுவதற்கு ஆள் இறங்கி வரும்.

தேவாரத்துத் தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பைப் மாற்றினால் ஒரு முழம் கூட ஏறும். மிச்ச மேட்டுக்கு, சத்தம் கேட்டதும் இறங்கி ஓடி வர மேலே யாராவது இருக்கிறார்களா?